வெயில் காலத்துக்குப் பழைய இங்கிலீஷ் பாட்டுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

'சம்மர் ஹிட்' என்று எதைச் சொல்கிறார்கள்? வெயிலைக் கொண்டாட அதில் அப்படி என்ன இருக்கிறது?

கத்திரி வெயிலில் நிழல் தேடி ஓடும் நமக்கு இந்தச் சந்தேகம் வருவது நியாயம்தான். நம் சினிமாவில் மழை வந்தால் கதாநாயகி வாசலுக்கு ஓடிவந்து ஆடுவாள். மேற்கத்தியப் பாட்டில் அந்த இடம் வெயிலுக்கு. இங்கிலாந்துக்காரர்களுக்குச் சூரியன் எப்போதோ வந்து சீக்கிரம் கிளம்பிவிடும் விருந்தாளி. கோடையில் பள்ளி விடுமுறை, நீண்ட மாலைகள், காரில் ரேடியோ, கடற்கரை. அந்தச் சில வாரங்களில் எல்லார் காதிலும் விழுந்த பாட்டுதான் சம்மர் ஹிட்.

ஒரு உதாரணம். கிளிஃப் ரிச்சர்டின் 'சம்மர் ஹாலிடே' பிரிட்டனில் முதலிடம் பிடித்தது 1963 மார்ச்சில். அதற்குச் சற்று முன்பு முடிந்த 1962–63 குளிர்காலம், இங்கிலாந்தில் 1740க்குப் பிறகு வந்த மிகக் கடுமையான குளிர். கோடை விடுமுறைப் பாட்டை வாங்கியவர்கள் உறைபனியில் நடுங்கிக்கொண்டிருந்தவர்கள். இந்த வகைப் பாட்டில் பாதிக்கு மேல் கையில் இல்லாத கோடையைப் பற்றியவை: இனி வரப்போவது, இல்லாவிட்டால் போய்விட்டது. இதைப் பிடித்துக்கொண்டால் எந்தப் பாட்டை எந்த நேரத்தில் போடுவது என்பது தானாக விளங்கும்.

எந்தக் காலப் பாட்டுகளிலிருந்து தொடங்கலாம்?

1958 முதல் 1985 வரை. முன்னும் பின்னும் நல்ல பாட்டுகள் உண்டு. ஆனால் ரேடியோவும் நிமிடத்துக்கு 45 சுற்று ஓடும் ரெக்கார்டும் கேசட்டும் ஆண்ட காலம் இது.

1958ஐச் சொல்லக் காரணம், எடி காக்ரனின் 'சம்மர்டைம் புளூஸ்'. விடுமுறையில் வேலைக்குப் போ என்கிறார்கள், கார் தரமாட்டேன் என்கிறார்கள், அரசியல்வாதியிடம் முறையிட்டால் உனக்கு இன்னும் ஓட்டுப் போடும் வயதாகவில்லை என்கிறார். அப்போது அமெரிக்காவில் பெரும்பாலும் 21 வயதில்தான் ஓட்டுரிமை. இரண்டு நிமிடத்தில் பதின்பருவத்துப் புகார்ப் பட்டியல் முழுவதும் வந்துவிடுகிறது. த ஹூ குழு 1970இல் வெளியிட்ட நேரடிப் பதிவு இதே பாட்டை இடியாக மாற்றியது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், பன்னிரண்டு ஆண்டுகளில் ராக் இசை எவ்வளவு கனத்துப் போனது என்று காதே சொல்லும்.

முதன்முறை கேட்பவர்களுக்கு ஒரு சின்னப் பட்டியல் கிடைக்குமா?

தரலாம், நேரம் பார்த்து.

காலை, வெயில் ஏறும் முன்: பீட்டில்ஸின் 'ஹியர் கம்ஸ் த சன்' (1969), ஜானி நாஷின் 'ஐ கேன் சீ கிளியர்லி நவ்' (1972), வான் மாரிசனின் 'பிரவுன் ஐட் கேர்ள்' (1967).

உச்சி வெயிலுக்கு ஒன்றே ஒன்று போதும் என்றால், லவின் ஸ்பூன்ஃபுல் குழுவின் 'சம்மர் இன் த சிட்டி'. 1966 ஆகஸ்டில் அமெரிக்காவில் மூன்று வாரம் முதலிடம். வெயிலைப் புகழாமல் திட்டும் பாட்டு இது. அதனால் சென்னைக்கும் மதுரைக்கும் இதைவிடப் பொருத்தமானது கிடையாது. பகலைச் சொல்லும் வரிகள் இருண்ட சாயலுள்ள மைனர் சுரங்களில் புழுங்குகின்றன; இரவைச் சொல்லும்போது வெளிச்சமான மேஜருக்கு மாறிக் காற்று வருகிறது. நடுவில் கார் ஹாரனும் சாலையை உடைக்கும் டிரில்லும் கேட்கும். ஹெட்போனில் கேட்டுக்கொண்டு ரோட்டில் நடந்தால் பின்னால் நிஜமாகவே வண்டி வருகிறதோ என்று திரும்பிப் பார்ப்பீர்கள்.

மாலைக்கு: டிரிஃப்டர்ஸின் 'அண்டர் த போர்ட்வாக்' (1964), கிங்க்ஸின் 'சன்னி ஆஃப்டர்நூன்' (1966), சீல்ஸ் அண்ட் கிராஃப்ட்ஸின் 'சம்மர் பிரீஸ்' (1972).

இரவு மொட்டைமாடிக்கு: மறுபடியும் டிரிஃப்டர்ஸ், 'அப் ஆன் த ரூஃப்' (1962). ஜெர்ரி கோஃபினும் கரோல் கிங்கும் எழுதியது. ஊர்ச் சத்தம் தாங்காமல் படியேறி மாடிக்குப் போய் நிம்மதியாக உட்காருவதைப் பற்றிய பாட்டு. நியூயார்க் மாடிதான், ஆனால் பாயும் தலையணையும் எடுத்துக்கொண்டு மேலே போகிற எவருக்கும் விளக்கவுரை தேவைப்படாது.

ஆட்டத்துக்கு என்றால் 'அப்பா' (ABBA) குழுவின் 'டான்சிங் குவீன்' (1976), மார்த்தா அண்ட் த வேண்டெல்லாஸின் 'டான்சிங் இன் த ஸ்ட்ரீட்' (1964), கத்ரீனா அண்ட் த வேவ்ஸின் 'வாக்கிங் ஆன் சன்ஷைன்' (1985).

பீச் பாய்ஸ் குழுவை எங்கிருந்து கேட்கத் தொடங்குவது? மோனோவா ஸ்டீரியோவா?

முதலில் 'சர்ஃபின் யு.எஸ்.ஏ.' (1963). மெட்டு சக் பெர்ரியின் 'ஸ்வீட் லிட்டில் சிக்ஸ்டீன்' (1958) பாட்டுடையது. அதனால் பெர்ரிக்குப் பாடலாசிரியர் பெயர் போகிறது. பிறகு 'ஐ கெட் அரவுண்ட்' (1964), 'கலிஃபோர்னியா கேர்ள்ஸ்' (1965). அதன்பிறகு 1966க்குத் தாவுங்கள்: 'பெட் சவுண்ட்ஸ்' ஆல்பம், 'குட் வைப்ரேஷன்ஸ்' தனிப்பாட்டு. கடலலை மேல் பலகைச் சவாரியைப் பற்றி அத்தனை பாட்டுப் பாடிய குழுவில் உண்மையில் அலையில் ஏறியவர் டிரம்ஸ் வாசித்த டென்னிஸ் வில்சன் ஒருவர்தான்.

'குட் வைப்ரேஷன்ஸ்' மூன்றரை நிமிடப் பாட்டு. 1966 பிப்ரவரி முதல் செப்டம்பர் வரை பல ஸ்டுடியோக்களில் துண்டு துண்டாகப் பதிவு செய்து ஒட்டியது. பல்லவியில் ஊளையிடும் ஓசையைத் தெரமின் என்று பலர் எழுதுகிறார்கள். அது பால் டானர் வாசித்த எலக்ட்ரோ-தெரமின். கையைக் காற்றில் அசைத்து வாசிக்கும் கருவி தெரமின். இதில் ஒரு பிடியை நகர்த்திச் சுருதியை மாற்ற வேண்டும்.

மோனோ என்றால் எல்லா ஒலியும் ஒன்றாகக் கலந்தது, ஸ்டீரியோ என்றால் இடம் வலம் என்று பிரித்தது. இந்தக் குழுவின் பாட்டுகளை எழுதி உருவாக்கிய பிரையன் வில்சனுக்கு வலது காது ஏறத்தாழக் கேட்காமல் இருந்தது. 'பெட் சவுண்ட்ஸ்' ஆல்பத்தை அவர் மோனோவில்தான் முடித்தார். முழு ஸ்டீரியோ கலவை 1997இல்தான் வந்தது. அறையில் ஸ்பீக்கர் வைத்துக் கேட்பதற்கு மோனோ. எல்லாக் கருவிகளும் ஒன்றாகக் கரைந்து ஒரே சுவராக வரும். எந்தக் குரல் எங்கே பாடுகிறது என்று பிரித்துப் பார்க்க ஆசையென்றால் ஹெட்போனில் ஸ்டீரியோ. முதல் தடவை மோனோவே கேளுங்கள்.

இயர்போனில் ஒரு பக்கம் பாட்டுக்காரர் குரல், மறுபக்கம் வெறும் டிரம்ஸ் மட்டும் வருகிறது. இயர்போன் கெட்டுவிட்டதா?

இல்லை. 1960களின் முதல் பாதியில் பல ஸ்டுடியோக்களில் இரண்டு, மூன்று, நான்கு டிராக் டேப்தான் இருந்தது. ஸ்டீரியோ பதிப்புக்காகக் குரலை ஒரு பக்கமும் வாத்தியத்தை மறுபக்கமும் அப்படியே தள்ளிவிட்டார்கள். அன்றைக்கு ஹெட்போனில் கேட்பவர்கள் குறைவு. ரேடியோவுக்கு மோனோதான் முக்கியம். ஆகவே ஸ்டீரியோவில் அதிகம் மெனக்கெடவில்லை.

ஒரு காதில் மட்டும் இயர்பட் போட்டு நடப்பவர்களுக்குத்தான் இதில் தொல்லை. பாட்டில் பாதி காணாமல் போய்விடும். ஃபோனின் அமைப்புகளில் அணுகல்தன்மைப் பகுதிக்குள் ஒலி தொடர்பான பக்கத்தில் 'மோனோ ஆடியோ' என்ற பொத்தான் இருக்கும். ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் உண்டு. அதைப் போட்டால் இரு பக்கமும் கலந்து வரும். புதுப் பாட்டுக்குத் திரும்பும்போது மறக்காமல் அணைத்துவிடுங்கள்.

அதே பாட்டு, அதே பாடகர். ஆனால் ஏதோ போலியாக ஒலிக்கிறது. ஏன்?

மறுபதிவாக இருக்கும். ஸ்ட்ரீமிங்கில் பழைய பாட்டு தேடுபவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இதுதான். முதல் பதிவின் உரிமை ரெக்கார்டு கம்பெனியிடம் இருக்கும். ஒப்பந்தத்தில் சொன்ன காலம் முடிந்ததும் பாடகர் வேறு கம்பெனிக்காக அதே பாட்டைத் திரும்பப் பாடித் தருவார். குரல் பத்து இருபது வயது மூத்திருக்கும். டிரம்ஸ் இயந்திரத்தனமாக இருக்கும். எதிரொலி மலிவாக இருக்கும். 'பொற்கால ஹிட்ஸ் 100' வகைத் தொகுப்புகளில் இவை குவிந்து கிடக்கின்றன.

கண்டுபிடிக்கும் வழி: முதலில் பாட்டுப் பெயரின் பின்னால் மறுபதிவு என்ற குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு நீளம். அசல் 2 நிமிடம் 42 விநாடி என்று தெரிந்த பாட்டு 3 நிமிடம் 10 விநாடி ஓடினால் சந்தேகப்படுங்கள். பிறகு உரிமையாளர் வரி: டிரிஃப்டர்ஸ் என்றால் அட்லாண்டிக், மார்த்தா என்றால் மோட்டவுன், பீச் பாய்ஸ் என்றால் கேப்பிடல் இருக்க வேண்டும். எல்லாவற்றையும் விடப் பாதுகாப்பான வழி, தொகுப்பை விட்டுவிட்டு அந்தப் பாட்டு முதலில் வந்த ஆல்பத்தைத் திறந்து அங்கிருந்து சேர்ப்பது.

'ரீமாஸ்டர்' என்பது வேறு; அசல் டேப்பையே புதிதாகத் துலக்கியது. பயப்பட வேண்டாம். சிலவற்றைச் சத்தம் கூட்டி நசுக்கியிருப்பார்கள், அவ்வளவுதான். தணிக்கை செய்த பதிப்பு இன்னொரு வகை. 'பிரவுன் ஐட் கேர்ள்' பாட்டின் ஒரு வானொலிப் பதிப்பில், புல்வெளியில் காதல் செய்ததைச் சொல்லும் வரிக்குப் பதிலாக முந்தைய சரணத்தின் வரி ஒன்றை வெட்டி ஒட்டியிருப்பார்கள். தெரிந்து கேட்டால் ஒட்டு துல்லியமாகத் தெரியும்.

குதூகலமாக ஒலிக்கிறது, வரிகளைப் பார்த்தால் துக்கம். எவையெல்லாம் அப்படி?

நிறைய. கல்யாண வீட்டு மாலை விருந்துக்குப் பாட்டுத் தேர்ந்தெடுப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் போகலாம்.

டெர்ரி ஜாக்ஸின் 'சீசன்ஸ் இன் த சன்' (1974) பள்ளிப் பிரிவுவிழாக்களில் ஓடுகிறது. அது சாகப்போகிறவன் நண்பனிடமும் தந்தையிடமும் விடைபெறும் பாட்டு. பெல்ஜியத்தின் ஜாக் பிரெல் 1961இல் பிரெஞ்சில் எழுதிப் பாடியதன் ஆங்கில வடிவம். மூலத்தில் கசப்பும் கிண்டலும் அதிகம்; ஆங்கிலத்தில் சர்க்கரை போட்டுவிட்டார்கள்.

ஓட்டிஸ் ரெட்டிங்கின் 'டாக் ஆஃப் த பே': சான் ஃபிரான்சிஸ்கோ அருகே சாசலிட்டோவில் ஒரு படகு வீட்டில் தங்கியிருந்தபோது எழுதத் தொடங்கியது. ஊரைவிட்டு வந்து ஒன்றும் நடக்காமல் கரையில் உட்கார்ந்திருப்பவனின் வெறுமை. 1967 நவம்பரிலும் டிசம்பர் 7ஆம் தேதியும் பதிவு செய்தார். டிசம்பர் 10 அன்று விமான விபத்தில் இறந்தார், வயது 26. அலையும் கடற்பறவைச் சத்தமும் சேர்த்து, உடன் எழுதிய கிட்டார்காரர் ஸ்டீவ் கிராப்பர் பாட்டை முடித்தார். 1968 ஜனவரியில் வெளிவந்து, பாடியவர் இறந்தபின் அமெரிக்காவில் முதலிடம் பெற்ற முதல் பாட்டானது. கடைசியில் வரும் விசிலை, இதெல்லாம் தெரிந்தபின் முன்போலக் கேட்க முடியாது.

'அண்டர் த போர்ட்வாக்' பாட்டிலும் ஒரு நிழல் இருக்கிறது. பாட வேண்டியிருந்த ரூடி லூயிஸ் பதிவுக்கு முந்தைய இரவு இறந்துபோனார். ஜானி மூர் பாடினார். 'அப் ஆன் த ரூஃப்' பாட்டில் கேட்பது அந்த ரூடி லூயிஸின் குரல்தான். இரண்டையும் அடுத்தடுத்து வைக்கலாம்.

டான் ஹென்லியின் 'த பாய்ஸ் ஆஃப் சம்மர்' (1984) முழுக்க முழுக்கக் கோடை முடிந்த பிறகு நடப்பது: காலிக் கடற்கரை, காலித் தெரு. வெளியானதும் அக்டோபரில். இசையை உருவாக்கியவர் டாம் பெட்டியின் குழுவில் கிட்டார் வாசித்த மைக் கேம்பெல். அந்த ஓயாத தாளம் லின்டிரம் இயந்திரத்தினுடையது. 'சன்னி ஆஃப்டர்நூன்' பாட்டோ வருமானவரி எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டதாகப் புலம்பும் பணக்காரனின் பாட்டு. படியிறங்கும் பேஸ் கிட்டாரே அவன் பணம் கரைவதைச் சொல்லிவிடுகிறது. துக்கம் என்று சொல்ல முடியாது, கிண்டல்.

'ஹியர் கம்ஸ் த சன்' நடுவில் தாளம் தவறுகிறதே, கைதட்ட முடியவில்லை?

தாளம் தவறவில்லை, மாறுகிறது. சூரியன் என்ற சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லும் இடைப்பகுதியில்தான் எல்லாரும் தடுமாறுகிறார்கள். மற்ற இடங்களில் நேரான நான்கடி. இங்கே அரையடிகளாக எண்ணினால் 11, பிறகு 8, பிறகு 7 என்று பொதுவாகப் பிரிக்கிறார்கள். ஆக ஒரு சுற்றுக்கு 26 அரையடி. அழுத்தம் மும்மூன்றாக விழுவதால் நான்கடிக்குத் தட்டிய கை முன்னால் ஓடிவிடுகிறது.

எண்ண வேண்டுமானால் முதல் 11ஐ 3, 3, 3, 2 என்று சொல்லிப் பாருங்கள். மிருதங்கம் கேட்டுப் பழகியவர்களுக்கு நான்கைந்து முறையில் வந்துவிடும். பாட்டை எழுதிய பீட்டில்ஸ் கிட்டார்காரர் ஜார்ஜ் ஹாரிசன் 1966இலேயே ரவிசங்கரிடம் சிதார் பாடம் கேட்டவர். ஒரு சொற்கட்டை மும்முறை அடித்துச் சமத்தில் வந்து விழும் இந்திய முத்தாய்ப்பின் சாயல் இந்த இடத்தில் இருக்கிறது.

அவர் இதை எழுதியது 1969 வசந்தத்தில், ஒரு நாள் கம்பெனிக் கூட்டத்துக்கு மட்டம் போட்டுவிட்டு, எரிக் கிளாப்டனின் தோட்டத்தில் கிட்டாருடன் உலாத்தியபோது. நீண்ட ஆங்கிலேயக் குளிருக்குப்பின் வந்த முதல் வெயில். ஜான் லென்னன் இந்தப் பதிவில் இல்லை. கார் விபத்தில் அடிபட்டு ஓய்வில் இருந்தார்.

பாட்டுகளை எப்படி வரிசைப்படுத்துவது? ஷஃபிள் போட்டால் போதாதா?

ஷஃபிள் போட்டால் 'வாக்கிங் ஆன் சன்ஷைன்' முடிந்த மறுவிநாடி 'டாக் ஆஃப் த பே' வந்து கூட்டத்தை உட்காரவைத்துவிடும். அரைமணி செலவழித்து வரிசை போடுவது நல்லது.

1960களின் பாட்டு சராசரியாக இரண்டரை நிமிடம்; இருபது பாட்டு 50 நிமிடம் ஓடும். ஈகிள்ஸ் குழுவின் 'ஹோட்டல் கலிஃபோர்னியா' (1976 டிசம்பரில் வந்த ஆல்பம்) ஒன்றே ஆறரை நிமிடம். அதைத் தொடக்கத்தில் வைத்தால் மற்றவை எல்லாம் துணுக்குபோல ஆகிவிடும். பின்பாதியில், சாப்பாடு வரும் நேரத்தில் வையுங்கள்.

வேகத்தை நிமிடத்துக்கு எத்தனை அடி என்று அளக்கிறார்கள். 'டான்சிங் குவீன்' ஏறத்தாழ 101. பிரையன் ஆடம்ஸின் 'சம்மர் ஆஃப் சிக்ஸ்டி-நைன்' ஏறத்தாழ 139. ஒரு பாட்டுக்கும் அடுத்ததற்கும் 10 அடிக்குமேல் தாவாமல் மெல்ல ஏற்றி மெல்ல இறக்குங்கள். வேகம் கணிக்கும் செயலிகள் சில பாட்டுகளுக்கு இரட்டிப்பாகவோ பாதியாகவோ காட்டும். 'ஹோட்டல் கலிஃபோர்னியா' ஒரு செயலியில் 74 என்றும் இன்னொன்றில் 147 என்றும் வருவது இதனால்தான். எண்ணை நம்பாமல் காலைத் தட்டிப் பாருங்கள்.

அந்தக் காலப் பாட்டுகளில் பல, முடிவில் ஒலி தேய்ந்து மறையும். செயலியில் ஒரு பாட்டின் வாலையும் அடுத்ததன் தலையையும் கலக்கும் வசதியை 3 அல்லது 4 விநாடிக்கு வைத்தால் இடைவெளி தெரியாது. 8க்கு மேல் போனால் அடுத்த பாட்டின் கிட்டார் தொடக்கம் விழுங்கப்படும். ஒலி அளவைச் சமப்படுத்தும் வசதியையும் போடுங்கள். 1964 பதிவும் உரக்க ரீமாஸ்டர் செய்ததும் பக்கத்தில் வந்தால் ஒவ்வொரு பாட்டுக்கும் வால்யூமைத் திருகிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும்.

மொட்டைமாடியில் புளூடூத் ஸ்பீக்கர் சொத்தையாக ஒலிக்கிறது. வீட்டுக்குள் நன்றாகத்தானே இருந்தது?

வீட்டுக்குள் சுவரும் கூரையும் ஒலியைத் திருப்பி அனுப்பின. மாடியில் ஒலி வானத்துக்குப் போய்விடுகிறது, அதிலும் பேஸ் எனும் தாழ்ந்த ஒலி முதலில். ஸ்பீக்கரை நடுவில் வைக்காமல் கைப்பிடிச் சுவர்கள் சேரும் மூலையில், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, உட்காருபவர்கள் பக்கம் திருப்பி வையுங்கள். மூலை பேஸைத் தூக்கிக் கொடுக்கும். திறந்தவெளியில் தூரம் இரட்டித்தால் 6 டெசிபல் குறையும். 1 மீட்டரில் இருந்தவர் 4 மீட்டருக்குப் போனால் 12 டெசிபல் போச்சு. வால்யூமை முழுக்க ஏற்றிச் சிதறவிடுவதைவிட நாற்காலியை நெருக்கிப் போடுவது மேல்.

இந்தப் பாட்டுகளுக்கு ஒரு சலுகை உண்டு. இவற்றில் பல சின்ன ஸ்பீக்கருக்காகவே கலக்கப்பட்டவை. டெட்ராய்ட்டின் மோட்டவுனில் கார் ரேடியோ அளவுச் சின்ன ஸ்பீக்கரில் ஓட்டிப் பார்த்துத்தான் மிக்ஸுக்குச் சம்மதம் சொன்னார்கள். 'டான்சிங் இன் த ஸ்ட்ரீட்' பாட்டில் ஒவ்வொரு இரண்டாவது அடியிலும் இரும்புச் சங்கிலி விழுவதுபோல ஓர் அடி கேட்கிறதே, அதில் கடப்பாரையைத் தரையில் இடித்த ஓசையும் சேர்ந்திருக்கிறது. எவ்வளவு மலிவான ஸ்பீக்கரிலும் அது காணாமல் போகாது.

இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்கு இந்தியாவில் தடை. குடியிருப்புப் பகுதியில் பகலுக்கு 55, இரவுக்கு 45 டெசிபல் வரம்பு. 10 மணிக்குமேல் 'அப் ஆன் த ரூஃப்' வேண்டுமென்றால் இயர்போன்.

வெயிலில் ஃபோன் சூடாகிப் பாட்டு நின்றுவிடுகிறது?

ஐபோனுக்கு ஆப்பிள் சொல்லும் பயன்பாட்டு வெப்பநிலை 0 முதல் 35 டிகிரி. மே மாதத்தில் நம் நிழலே 40 டிகிரி. ஸ்ட்ரீமிங், சார்ஜ், நேரடி வெயில் மூன்றும் சேர்ந்தால் எந்த ஃபோனும் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும், சார்ஜை நிறுத்தும். பாட்டுகளை முன்பே தரவிறக்கி, மொபைல் டேட்டாவை அணைத்து, ஃபோனை நிழலில் வைத்தால் போதும். 320 கிலோபிட் தரத்தில் நிமிடத்துக்கு 2.4 எம்பி, மூன்றரை நிமிடப் பாட்டுகள் முப்பது என்றால் 250 எம்பி சொச்சம். சூடான ஃபோனை ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள், உள்ளே ஈரம் கோத்துவிடும்.

பரணில் பழைய கேசட்டுகள் இருக்கின்றன. கணினிக்கு மாற்றுவது எப்படி?

முதலில் கேசட்டை வெளிச்சத்தில் பாருங்கள். டேப் விளிம்பில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் பூஞ்சை. பிளேயரில் போடாதீர்கள், அடுத்தடுத்த கேசட்டுகளுக்கும் தொற்றும். கேசட்டின் திறந்த விளிம்பு நடுவில், டேப்புக்குப் பின்னால் உள்ள சின்ன ஃபெல்ட் பஞ்சு விழுந்திருந்தால் ஒலி மங்கி மங்கி வரும். ஸ்க்ரூ போட்ட கூடு என்றால் இன்னொரு கேசட்டின் பஞ்சை மாற்றலாம். வெயிலில் கூடு வளைந்திருந்தால் டேப் சுருளைக் கழற்றி நல்ல கூட்டுக்கு மாற்றுங்கள்.

பிளேயரில் டேப்பைப் படிக்கும் ஹெட், டேப்பை இழுக்கும் கேப்ஸ்டன் தண்டு இரண்டையும் 90 சதவீதத்துக்குக் குறையாத ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் துடைத்துப் பத்து நிமிடம் உலரவிடுங்கள். ரப்பர் உருளைக்கு ஈரத்துணி போதும். கேசட்டை ஒருமுறை கடைசிவரை ஓட்டித் திரும்பச் சுற்றுங்கள். ஆண்டுக்கணக்கில் கிடந்த சுருள் சமமாகும். 90 நிமிடக் கேசட்டைவிட 120 நிமிடக் கேசட்டின் டேப் மெல்லியது, எளிதில் சிக்கும். அதை முதலில் சோதனைக்கு எடுக்காதீர்கள்.

இனி அநேகமாக எல்லாரும் செய்யும் தப்பு. பிளேயரின் ஹெட்போன் துளையிலிருந்து லேப்டாப்பின் மைக் துளைக்கு வயர் போடுகிறார்கள். அது பெரும்பாலும் மோனோ, மைக்கின் மெல்லிய ஒலிக்காகச் செய்தது. பதிவு இரைச்சலும் சிதறலுமாக வரும். ஸ்டீரியோ லைன்-இன் உள்ள யூஎஸ்பி ஆடியோ அடாப்டர் வாங்குங்கள். ஆடாசிட்டி மென்பொருளில் 44,100 ஹெர்ட்ஸ், ஸ்டீரியோ வைத்து, பாட்டின் உச்சச் சத்தம் −6 டெசிபலைத் தாண்டாமல் பதியுங்கள். கேசட் ஒரு பக்கம் முழுவதையும் ஒரே கோப்பாகப் பதிந்து பிறகு வெட்டுங்கள்.

உயர்சுரம் மங்கலாக இருந்தால் ஹெட் சாய்ந்திருக்கலாம். ஹெட்டின் ஓரத்தில் சின்ன ஸ்க்ரூ இருக்கும். மோனோவில் கேட்டபடி, கால் சுற்றுக்குள், டிரம்ஸின் 'சிம்பல்' தட்டு ஓசை பளிச்சென்று வரும் இடத்தில் நிறுத்துங்கள். இரைச்சல் நீக்கும் வசதியை முழுக்கப் போட்டால் பாட்டு தண்ணீருக்குள் ஒலிப்பதுபோல ஆகிவிடும். கொஞ்சம் இரைச்சல் இருந்துவிட்டுப் போகட்டும்.

எல்பி ரெக்கார்டு வளைந்துவிட்டது. நிமிர்த்த முடியுமா?

லேசான வளைவென்றால் ஓட்டலாம். அயர்ன் பாக்ஸ் வைத்தியமெல்லாம் பள்ளத்தையே அழித்துவிடும். வினைல் 60 டிகிரி வாக்கில் இளகத் தொடங்கும். மூடிய காரின் பின்சீட்டில் மே மாத மதியம் ஓர் அரைமணி அதற்குப் போதும். செங்குத்தாக, நிழலில் அடுக்குங்கள். பூஞ்சை பிடித்ததை டிஸ்டில்டு வாட்டரில் ஒன்றிரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, பள்ளத்தின் போக்கிலேயே துடைத்து அலசுங்கள், லேபிள் நனையாமல். 78 சுற்று அரக்கு ரெக்கார்டில் ஆல்கஹால் படவே கூடாது, கரைந்துவிடும்.

மங்கோ ஜெர்ரியின் 'இன் த சம்மர்டைம்' 1970 பிரிட்டிஷ் பதிப்பு கையில் கிடைத்தால் கவனம். ஏழு அங்குலம் என்பதால் 45இல் போடத் தோன்றும்; அது 33⅓ சுற்றில் ஓட வேண்டியது. பாடகர் அணில்போலக் கீச்சிட்டால் வேகத்தை மாற்றுங்கள். குடித்துவிட்டு வண்டி ஓட்டச் சொல்லும் அந்தப் பாட்டின் வரியைப் பின்னாளில் பிரிட்டனில் குடிபோதை ஓட்டுதலுக்கு எதிரான விளம்பரத்துக்கே பயன்படுத்தினார்கள்.

கிட்டாரில் எதை முதலில் வாசிக்கலாம்?

'டாக் ஆஃப் த பே' சரணம்: ஜி, பி, சி, ஏ, எல்லாம் மேஜர். 'ஹோட்டல் கலிஃபோர்னியா' பி மைனரில் இருக்கிறது. ஏழாம் கட்டத்தில் கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) மாட்டினால் இ மைனர், பி, டி, ஏ, சி, ஜி, ஏ மைனர், பி என்று பெரும்பாலும் திறந்த வடிவங்களில் வந்துவிடும். 'ஹியர் கம்ஸ் த சன்' பாட்டுக்கும் கேப்போ ஏழில்தான், டி வடிவத்தில். ரெக்கார்டோடு சுருதி சேராவிட்டால் டியூனரைக் குறை சொல்லாதீர்கள். டேப் வேகத்தை மாற்றியதால் சில பதிவுகள் இரண்டு சுரத்துக்கு நடுவில் நிற்கும். கிட்டாரை ரெக்கார்டுக்கு ஏற்ப முறுக்குங்கள்.

இந்தப் பாட்டுகளுக்கும் நம் பக்கத்துக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

உண்டு. 'ரிலீஸ் மீ' பாட்டால் 1967இல் பீட்டில்ஸின் 'பென்னி லேன்' பிரிட்டனில் முதலிடம் ஏறாமல் தடுத்த எங்கல்பர்ட் ஹம்பர்டிங்க் பிறந்தது மதராஸில், 1936இல். ரிங்கோவுக்கு முன் பீட்டில்ஸில் டிரம்ஸ் வாசித்த பீட் பெஸ்ட் பிறந்ததும் மதராஸில்தான், 1941இல். கிளிஃப் ரிச்சர்ட் லக்னோ. 1948இல் குடும்பம் இங்கிலாந்துக்குப் போனது. கேட்பவர்கள் பக்கம் பார்த்தால் ரேடியோ சிலோனின் ஆங்கிலச் சேவை: 1950களிலும் 60களிலும் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் பலருக்கு இந்தப் பாட்டுகளை அறிமுகம் செய்தது அதுதான். வெர்னன் கொரயா போன்ற அறிவிப்பாளர்களின் குரலோடு சேர்த்தே பலர் இவற்றை நினைவில் வைத்திருக்கிறார்கள்.

'சம்மர் ஆஃப் சிக்ஸ்டி-நைன்' பிரையன் ஆடம்ஸின் சொந்தக் கதையா?

அவர் பிறந்தது 1959 நவம்பரில். அந்தக் கோடையில் வயது ஒன்பது. கணக்கு உதைக்கிறது.

டிசம்பரில் கேட்டால் அபத்தமாக இருக்குமா?

மெல்பர்னில் டிசம்பர்தான் கோடை. அங்கே கிறிஸ்துமஸே கடற்கரையில். தவிர, எல்லாக் கோடைத் தொகுப்பிலும் இடம்பிடிக்கும் மாமாஸ் அண்ட் த பாபாஸின் 'கலிஃபோர்னியா டிரீமிங்' உண்மையில் குளிர்காலப் பாட்டு. இலை பழுத்து உதிர்ந்த சாம்பல் நிற நாளில் நடந்துகொண்டு, கலிஃபோர்னிய வெயிலை நினைத்து ஏங்குவது. வெளியானது 1965 டிசம்பரில். மே மாதப் பட்டியலிலிருந்து அதை எடுத்துவிட்டு, மார்கழிக் காலையில் ஒருமுறை போட்டுப் பாருங்கள். நடுவில் வரும் ஆல்ட்டோ ஃப்ளூட் அந்தப் பனிக்குத்தான் வாசித்தது போலிருக்கும்.